கணினி போதும், வேலை தாருங்கள்: திருகோணமலைப் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலைப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகளில் இருக்கும் அண்ணாமார் அக்காமாருக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். உவர்மலையில் வளர்ந்தேன், இங்கேயே படித்தேன். கொழும்பில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டு மேல்மாடியில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஏ.எல். முடித்துவிட்டு இருப்பவர்கள், எச்.என்.டி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப உயர் டிப்ளோமா படிப்பவர்கள், கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்கள். யார் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, அனுபவம் இருந்தால்தான் வேலை என்கிறார்கள். வேலை இல்லாமல் அனுபவத்துக்கு எங்கே போவது?"

அந்தக் கேள்வியை நான் உங்களிடம் கொண்டு வருகிறேன். பதிலில் பாதி உங்கள் கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

போன வருடம் ஒரு பாடசாலையில் கணினி அறைத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். நாடா வெட்டினார்கள், பெயர்ப்பலகையைத் திரைநீக்கினார்கள், வடையும் கேக்கும் தந்தார்கள். நல்ல கணினிகள்தான், குறை சொல்ல மாட்டேன். நாலு மாதம் கழித்து வேறு அலுவலாகப் போனபோது அறை பூட்டியிருந்தது. திறப்பு சேரிடம், சேர் லீவில். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே பூப்போட்ட படுக்கை விரிப்பு. கடற்காற்று உப்பு படக்கூடாது என்ற அக்கறை. அந்த விரிப்பைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. காசு சேர்த்து அனுப்பிய அண்ணாமாரின் பாசமும், அதைப் பழுதாக்கிவிடக் கூடாது என்ற ஆசிரியரின் பயமும் அதில் சேர்ந்தே கிடந்தன. ஆனால் அந்த அறையிலிருந்து ஒரு பிள்ளைகூட மென்பொருள் பொறியியலாளராக வெளியே வரப்போவதில்லை.

என் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும்.

நான் படித்தது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம். விரிவுரை மண்டபம், கூட்டாளிகள், கன்டீன் ஒன்றும் கிடையாது. பாடத்திட்டமும் நீங்களும்தான். 2015இன் தொடக்கத்தில் அதை முடித்தேன். 43 இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன், மூன்று இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். "ட்ரெய்னி தேவை, குறைந்தது இரண்டு வருட அனுபவம்" என்ற விளம்பரங்களைக் கண்டு சிரிக்கப் பழகியிருந்தேன். அப்படி ஓர் இடத்துக்கே இரவு ரயிலில் போனேன். கோட்டை ஸ்டேஷன் கழிவறையில் முகம் கழுவி, சாரி மாற்றி, காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தேன். என் கோப்பில் 11 சான்றிதழ் இருந்தன. நேர்முகம் செய்தவர் மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் ஒன்றொன்றாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "நீங்கள் செய்ததில் யாராவது தினமும் பாவிக்கிற ஒன்று இருக்கிறதா?"

இறுதி வருடத்தில் நூலக முகாமைத்துவ மென்பொருள் ஒன்று செய்திருந்தேன். அதைப் பாவித்தவர்கள் இருவர். நான், மதிப்பெண் போட்டவர். "இல்லை" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் தம்புள்ளை வரைக்கும் அழுதேன். ஹபரணையில் இறங்கித் தேத்தண்ணி குடித்தேன். கந்தளாயில் விடிந்தது.

அந்த வருடம் ஆகஸ்ட்டில் உப்புவெளியில் நடந்ததுதான் என் வாழ்க்கையை மாற்றியது. மாமா அங்கே ஆறு அறை வைத்து ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். உங்களுக்குத் தெரியும், தெற்கே மழையும் அலையுமாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் நம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அந்த ஐந்து மாதத்தில் உழைப்பதை வைத்துத்தான் மாமா வருடம் முழுக்க ஓட்ட வேண்டும். அவருடைய புக்கிங் எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில், பென்சிலால். தொலைபேசியில் வருவதை அவர் எழுதுவார், இணையத்தில் வருவதை மகன் எழுதுவான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒரே அறைக்கு ஒரு ஜெர்மன்காரச் சோடியும் கண்டியிலிருந்து ஒரு குடும்பமும் வந்து நின்றார்கள். மாமா தன் படுக்கையறையைக் கொடுத்துவிட்டு விறாந்தையில் நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு படுத்தார். அடுத்த நாள் நான் சொன்னேன்: "மாமா, நான் ஒன்று செய்து தாறன்."

மூன்று வாரத்தில் செய்துவிட்டேன். பி.எச்.பி. என்ற நிரல்மொழி, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம், ஒரு பழைய லெப்டொப். மென்பொருள் என்ன செய்யும்? அந்த அறை அந்தத் திகதிக்கு வெறுமையா என்று பார்க்கும், வெறுமை என்றால் பெயரை எழுதும். படிக்கும்போது இதில் பிழை இருப்பதாகத் தெரியாது. சரியாக ஒன்பதாம் நாள் மறுபடியும் ஒரே அறைக்கு இரண்டு பேர். மாமா ரிசெப்ஷனில் இருந்தும், மகன் தன் தொலைபேசியில் இருந்தும் ஏறத்தாழ ஒரே கணத்தில் பார்த்திருக்கிறார்கள். இருவருக்கும் "வெறுமை" என்றே பதில் போயிருக்கிறது. இருவரும் எழுதியிருக்கிறார்கள். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அதற்குள் இன்னொருவர் நுழையலாம் என்பதை நான் பாடமாகப் படித்திருந்தேன். பரீட்சையில் அதற்குப் புள்ளியும் வாங்கியிருந்தேன். ஆனால் விறாந்தையில் படுத்த ஒருவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது மண்டையில் ஏறியது. ஒவ்வோர் இரவுக்கும் ஒரு வரி என்று அட்டவணையை மாற்றினேன். அறை இலக்கமும் திகதியும் சேர்ந்த சோடி இரண்டாம் முறை வரவே முடியாதபடி தரவுத்தளத்திடமே காவலைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தச் சிக்கல் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் பரிசோதனைக்காகப் போட்ட ஒரு வரியை அழிக்கப் போனேன். டிலீட் கட்டளையில், எந்த வரியை அழிப்பது என்று சொல்லும் 'வெயார்' பகுதியை எழுதாமல் என்டரை அழுத்திவிட்டேன். சீசன் முழுக்க அழிந்தது. காப்புப் பிரதி இல்லை. என்னைக் காப்பாற்றியது மாமாவின் பிடிவாதம். "கரண்ட் போனால் நான் என்னத்தைப் பார்க்கிறது?" என்று கேட்டு, தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு அடுத்து வரும் புக்கிங் எல்லாவற்றையும் அச்சடிக்கச் சொல்லியிருந்தார். பழங்கால யோசனை என்று மனதுக்குள் சிரித்திருந்தேன். அந்தத் தாள்களை வைத்து இரவிரவாக ஒவ்வொரு வரியாகத் திருப்பி அடித்தேன். இன்று எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் நான் முதலில் கேட்பது காப்புப் பிரதி எடுக்கிறீர்களா என்று. அடுத்ததாக, அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்று.

மாமா எனக்கு 15,000 ரூபா தந்தார். கணவாய்க் கறியோடு சோறும்.

அடுத்த நேர்முகத்தில் அதே கேள்வி வேறு வார்த்தைகளில் வந்தது. இருபது நிமிடம் பேசினேன். கொப்பி, ஜெர்மன்காரச் சோடி, அந்த இடைவெளி, அழிந்துபோன சீசன் எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்கும் தடுமாறியது, ஆனால் சொல்ல விஷயம் இருந்ததால் தடுமாற்றம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. கோப்பைத் திறக்கவே இல்லை. வேலை கிடைத்தது. அடுத்த மாதம் வெள்ளவத்தையில் போர்டிங் பார்த்தோம்.

இப்போது நீங்கள் கேட்கலாம், எல்லோருக்கும் உப்புவெளியில் மாமா இருப்பாரா என்று. அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். நீங்கள் அந்த மாமாவாக இருங்கள்.

அனுபவம் என்று நிறுவனங்கள் தேடுவதை நான் புரிந்துகொண்டது இப்படி: செய்த வேலைக்காக ஒருவர் காத்திருந்திருக்க வேண்டும். பிழை வந்தால் அவர் தொலைபேசி எடுத்துத் திட்டியிருக்க வேண்டும். நடுவில் மனதை மாற்றி "இப்படி இல்லை, அப்படி" என்று சொல்லியிருக்க வேண்டும். இது இல்லாமல் வீட்டிலிருந்து எத்தனை வீடியோப் பாடம் பார்த்தாலும், பார்த்துச் செய்த டு-டூ பட்டியலையும் கல்குலேட்டரையும், மென்பொருள்காரர் தங்கள் நிரலைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் எத்தனை அடுக்கினாலும், கேள்வி வரும்போது வாய் திறக்காது.

சுனாமி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. முகாமில் எங்கள் பெயரை எழுத வந்தவர்கள் கொப்பியில்தான் எழுதினார்கள். ஒரே ஆளின் பெயர் மூன்று பட்டியலில் மூன்று விதமாக இருந்தது. அதே நாட்களில் கொழும்பில் தன்னார்வலர்களான மென்பொருள்காரர்கள் சேர்ந்து, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிய சகானா என்ற திறந்த மூல மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும் அதைப் பாவித்திருக்கிறார்கள். தேவை நம் கரையில் இருந்தது, எழுதியவர்கள் கொழும்பில் இருந்தார்கள். நம் பிள்ளை ஒருத்தி அதில் நாலு வரி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சில வேளை யோசிப்பேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறதே, பிள்ளைகள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று ஒரு சங்கத்துச் செயலாளர் என்னிடம் கேட்டார். சரி, அது எழுதும். மாமாவின் முதல் மென்பொருளை அது அரை மணி நேரத்தில் எழுதித் தந்திருக்கும். ரிசெப்ஷனில் ஒருவர், தொலைபேசியில் ஒருவர் என்று இரண்டு பேர் ஒரே கொப்பியைப் பிடித்து இழுக்கிறார்கள் என்பதையும், ஆறு மணிக்குத் தாள் வேண்டும் என்பதையும் யார் அதற்குச் சொல்வது? அதைக் கண்டுபிடிக்கிற ஆளுக்குத்தான் இனிச் சம்பளம். அந்தக் கண்ணை வீட்டுக்குள் இருந்து பழக்க முடியாது.

சரி, என்ன வேலை கொடுப்பது? முதல் வாடிக்கையாளராக உங்கள் சங்கமே இருக்கலாம்.

உங்கள் அங்கத்தவர் பட்டியலை எடுங்கள். பாதி எக்செல்லில், பாதி பாமினி எழுத்துருவில் இருக்கும். பழைய மலர்கள், ஆண்டறிக்கைகள் எல்லாம் பாமினிதான். பாமினியில் அடித்தது கணினிக்குத் தமிழாகத் தெரியாது, அது ஆங்கில விசைகளின் கோவை, தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. அதை யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனிக் குறி தரும் பொது முறைக்கு, மாற்றுவது ஒரு பிள்ளைக்கு ஒரு மாத வேலை. செய்யச் செய்யத்தான் தெரியும், 'திருகோணமலை' என்பது நமக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் பத்துக் குறி, அதைச் சேமிக்கும் யூரிஎஃப்-8 முறையில் முப்பது பைட். அந்தக் 'கோ'வில் இருக்கிற ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஊரின் பெயரைத் தேடினால் பாதிப் பேர் வர மாட்டார்கள், ஏன் என்று ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்க்க வேண்டும். பிய்க்கட்டும். இந்தக் கதையைக் கொழும்பு நேர்முகத்தில் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு ஒரே ஆள் இரண்டு முறை பதிந்திருப்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை ஒன்பது இலக்கமும் 'வீ'யும் உள்ள பழைய அடையாள அட்டை இலக்கம், மறு தடவை 2016இல் வந்த பன்னிரண்டு இலக்கம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழி இருக்கிறது. அதற்குள் பிறந்த வருடமும், வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ணுவதால் மார்ச் 1 எப்போதும் 61. இது தெரியாமல் எழுதியவரின் மென்பொருளில் பாதி ஊருக்குப் பிறந்தநாள் ஒரு நாள் தள்ளிப் போகும். நான் எழுதியதிலும் போனது.

ரியூசன் நடத்தும் பழைய மாணவர் உங்களில் எத்தனை பேர்? வகுப்பு இல்லை என்று தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஏன் காசு கூடுகிறது என்று யோசித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறிதான். உயிர்மெய் பலவற்றுக்கு இரண்டு குறி போய்விடும். "நாளை வகுப்பு இல்லை" என்பதை எழுபதுக்குள் அடக்கி, முந்நூறு பெற்றோருக்கு அனுப்பி, போகாததைத் திருப்பி அனுப்புகிற ஒரு சின்னக் கருவியைச் செய்யச் சொல்லுங்கள். முந்நூறில் ஒன்று போகாவிட்டால் ஒரு பிள்ளை மழையில் வந்து நிற்கும். அந்தப் பொறுப்பு ஒரு சான்றிதழிலும் இல்லை.

மீன் கூலர் வைத்திருப்பவர், பாமசி வைத்திருப்பவர், கல்யாண மண்டபம் நடத்துபவர் எல்லோரும் உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். நான் நீட்டவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். "அனுபவம் கிடைக்கும்தானே பிள்ளை, சும்மா செய்து தா" என்று கேட்காதீர்கள். மேசன் பழகுகிற பொடியனுக்கும் நாட்கூலி கொடுக்கிறோம். சும்மா செய்கிற வேலையை நீங்களும் பாதியில் மறப்பீர்கள், பிள்ளையும் மறக்கும். காசு கொடுத்தால்தான் நீங்கள் திட்டுவீர்கள், அந்தத் திட்டு வேண்டும். என் கணக்கு இது: இரண்டு பிள்ளைகள், மூன்று மாதம், மாதம் ஆளுக்கு 30,000 ரூபா. மொத்தம் 1,80,000. அடுத்த ஸ்மார்ட் போர்டுக்கு வந்த விலைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டு பேர் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. நம்மூரில் ஒரு பெண் பிள்ளையைத் தனியாக ஒரு கடைக்கு மூன்று மாதம் அனுப்ப எத்தனை அம்மாமார் சம்மதிப்பார்கள்? இருவராகப் போனால் வீட்டில் கேள்வி குறையும். அதோடு ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கவும் பழகுவார். நிறுவனத்தில் பாதி நேரம் அந்த வேலைதான்.

உண்மையான ஆட்களின் அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு பிள்ளையின் பென் டிரைவில் போட்டு அனுப்பவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. போலிப் பெயர்களில் பழகட்டும், முடிந்ததும் உங்கள் கணினியில் உங்கள் முன்னிலையில் ஓட்டட்டும்.

இப்போது வெளிநாட்டுக் கிளைகளுக்கு. உங்களில் மென்பொருள் துறையிலேயே இருக்கும் ஆட்கள் பலர். வருடா வருடம் நீங்கள் தரும் காசைவிட எனக்கு உங்கள் ஒரு மணி நேரம் பெரிது. வாரம் ஒரு மணி நேரம், ஒரு பிள்ளை எழுதியதை வாசித்து, "இது ஏன் இப்படி?" என்று பக்கத்தில் எழுதுங்கள். இங்கே இரவு எட்டு மணி என்றால் லண்டனில் பின்னேரம், நேரம் பொருந்தும். எழுதியதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் முதல் புல் ரிக்குவெஸ்ட்டில் நாற்பது திருத்தம் வந்தால் பிள்ளை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாது. மூன்றாம் நாள் வந்து உட்காரும். எனக்கு அப்படி வாசிக்க ஆள் இருந்திருந்தால் அந்த 'வெயார்' கதை நடந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப்பில் தன்னார்வலர்களும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து பிள்ளைகளைப் பழக்குகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நாம் அதை அப்படியே கொப்பியடிக்க வேண்டியதில்லை. நமக்கு ஆறு அறைக் கெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன.

ஒரு நாள் கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போய்வரும் பஸ் காசும், முதல் நாள் இரவு தங்க ஒரு வீடும் கிடைத்தாலே பலருக்குப் பெரிய உதவி. கொழும்புக் கிளையில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்கள் ஒரு அறையைத் திறந்து வையுங்கள். கழிவறையில் சாரி மாற்றிய ஆளாகக் கேட்கிறேன்.

மாமாவின் மென்பொருள் இன்னும் ஓடுகிறது. இந்த சீசனுக்கு முன் மூன்று மாற்றம் கேட்டிருக்கிறார். பில் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும், முற்பணம் கட்டியவரையும் கட்டாதவரையும் நிறத்தால் பிரித்துக் காட்ட வேண்டும், அச்சடிக்கும் தாளை இனி மகனின் தொலைபேசிக்கும் அனுப்ப வேண்டும். நான் செய்து கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருகிற இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்தாயிற்று, காசும் பேசியாயிற்று. மாமா வழமைபோல இரண்டு தரம் மனதை மாற்றிவிட்டார். அவர்கள் எழுதுவதை வாசிக்க வெளியூரில் ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலை முடிந்ததும் செப்டெம்பரில் இன்னும் ஐந்து பேர் காத்திருப்பார்கள். உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஸ்மார்ட் போர்டைப் பற்றிப் பேச முதல் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் நான் வந்து பேசுகிறேன், வடையும் கேக்கும் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவி
உவர்மலை, திருகோணமலை